கலங்கரை விளக்கத்திலிருந்து பூஞ்சேரி தெரியுமா?

போன மாசி மாதம், மகத்துக்கு இரண்டு நாள் முன்னால், சென்னையிலிருந்து தோழர் ஒருவர் திருவிடந்தைக்கு வந்திருந்தார். பழைய தமிழ்ப் படங்களில் வருகிற தெரு, பாலம், பங்களா, கடற்கரை எல்லாம் நிஜத்தில் எங்கே இருக்கின்றன என்று தேடிக் கண்டுபிடிப்பவர். படத்திலிருந்து ஒரு காட்சியை அச்செடுத்துக்கொண்டு போவார். காமிரா வைத்த அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் இன்றைக்கு ஒரு படம் எடுப்பார். 'அன்று', 'இன்று' என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைப்பார். இந்த முறை அவர் கையிலிருந்தது 'கலங்கரை விளக்கம்'. 1965-ல் வந்த எம்.ஜி.ஆர். படம். கே.சங்கர் இயக்கியது, ஜி.என்.வேலுமணி தயாரித்தது. மாமல்லபுரத்தில் நடக்கிற கதை. "நீங்க அந்தப் பக்கத்து ஆளு, கூட வாங்க தோழர்" என்றார். போனேன். இரண்டு நாள் சுற்றினோம். அப்போது பார்த்ததையும் பார்க்காமல் விட்டதையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வேலையை நான் கேலி செய்ய வரவில்லை. எம்.ஏ. தமிழில் எங்களுக்கு மூலபாட ஆய்வு என்று ஒன்று சொல்லித் தந்தார்கள். ஏட்டையும் அச்சையும் ஒப்பிட்டுப் பாடபேதம் பார்ப்பது. தோழர் செய்வதும் அதுதான். ஏட்டுக்குப் பதிலாகப் பாறையைப் படிக்கிறார். மரத்தை நம்பக்கூடாது என்கிறார், வெட்டுவான், புதுசு நடுவான். மணலையும் நம்பக்கூடாது, கடல் எடுத்துக்கொண்டு போய்விடும். கடற்கோயில் பக்கம் பிற்காலத்தில் கொட்டிய கல்லும் வளர்த்த சவுக்கும் போட்ட வேலியும் சேர்ந்து கரையின் முகத்தையே மாற்றிவிட்டன. நம்ப வேண்டியது பாறையை. பாறையில் ஒரு விரிசல், ஒரு வளைவு, தூரத்தில் அடிவானம் எங்கே வெட்டுகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது. இந்த நாலையும் வைத்துக்கொண்டு காமிரா நின்ற இடத்தைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். மாமல்லபுரம் மாதிரி ஊரில் இது சுலபம். ஆயிரத்து முந்நூறு வருசத்துக் கல், அறுபது வருசத்தில் நகர்ந்துவிடாது.

கலங்கரை விளக்கமும் அப்படித்தான். அந்தக் குன்றின்மேல் இரண்டு உண்டு. பழையது ஒலக்கண்ணேசுவரர் கோயில், பல்லவர் காலத்துக் கட்டடம். அதன் உச்சியில்தான் முன்பு விளக்கு எரிந்தது. உழக்கு எண்ணெய் ஊற்றி எரித்ததால் வந்த பெயர் என்று ஊரில் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் பக்கத்திலேயே கல்லால் வட்டமாகக் கட்டிய கோபுரம் புதியது. 1904-லிருந்து எரிகிறது. கொஞ்ச காலம் மூடி வைத்திருந்து, 2011-லிருந்து திரும்பவும் ஜனங்களை மேலே ஏற விடுகிறார்கள். தோழர் டிக்கெட் எடுத்தார், ஏறினோம், படம் எடுத்தார்.

இனி படத்துக்கு வருவோம். கதாநாயகன் படித்தவன். பல்லவர் வரலாற்றை ஆராய்வதற்காக மாமல்லபுரத்துக்கு வருகிறான், டாக்டர் நண்பனின் வீட்டில் தங்குகிறான். இரவில் ஒரு பெண் கலங்கரை விளக்கத்துக்கு ஓடுவதைப் பார்க்கிறான். நீலா என்று பெயர். மனநிலை சரியில்லாதவள். தன்னைச் சிவகாமி என்றும் அவனை மாமல்லன் என்றும் நினைத்துக்கொள்கிறாள். பிறகு அவள் கோபுரத்திலிருந்து விழுந்து சாகிறாள். அவளைப் போலவே இருக்கிற இன்னொருத்தி வருகிறாள். இரண்டு வேடமும் சரோஜாதேவி. ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) பார்த்தவர்களுக்கு இந்தக் கதை எங்கிருந்து கிளம்பியது என்று புரிந்திருக்கும்.

அந்த 'வெர்டிகோ'வுக்கு உலகம் முழுக்க இடம் தேடுகிறவர்கள் உண்டு. கதாநாயகன் குடியிருந்த வீடு, அந்தப் பெண் தங்கிய ஓட்டல் என்று சான்பிரான்சிஸ்கோ தெருத்தெருவாக அடையாளம் கண்டு வைத்திருக்கிறார்கள். அவள் விழுந்து சாகிற கோபுரம் சான் ஹுவான் பாட்டிஸ்டா என்ற இடத்தில் 1797-ல் தொடங்கிய ஒரு ஸ்பானிய மிஷன் மாதாகோயிலில் வருகிறது. அங்கே போய்ப் பார்த்தால் அந்தக் கோபுரம் கிடையாது. படம் எடுத்தபோதே கிடையாது. ஓவியமும் செட்டும் வைத்து ஒட்டியது. ஆனால் கோயிலை ஒட்டி ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மதம் மாற்றப்பட்டு, அந்த மிஷனில் உழைத்துச் செத்த அந்த மண்ணின் பூர்வகுடிகள் நாலாயிரம் பேருக்கு மேல் அங்கே புதைந்து கிடக்கிறார்கள். இல்லாத கோபுரத்தைத் தேடி வருகிறவன் இருக்கிற புதைகுழிகளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நம்ம படத்தில் இது தலைகீழ். கோபுரம் நிஜம், வரலாறு ஒட்டவைத்தது. சிவகாமி என்று யாரும் இருந்ததில்லை. கல்கி 1940-களில் 'சிவகாமியின் சபதம்' தொடர்கதைக்காகப் படைத்த பெண். அவளுடைய அப்பா ஆயனர் என்கிற சிற்பியும் அப்படியே. பல்லவர் வரலாறு ஆராய வந்தவன் கடைசியில் போய் விழுவது ஒரு வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்குள்! அந்தக் கதையிலாவது யோசிக்க ஒன்று இருக்கிறது. கல் உடைக்கிறவன் மகளை இளவரசன் காதலிக்கலாம், கல்யாணம் கட்ட முடியாது. ராஜா ஒத்துக்கொள்ள மாட்டான். இளவரசனுக்குப் பாண்டிய ராஜகுமாரி வருவாள். சிற்பி மகள் சாமிக்குத் தாலி கட்டிக்கொண்டு ஆட வேண்டியதுதான். இதைத் தெய்வீகக் காதல் என்று சொல்லி நம்மை அழ வைத்தார்கள். சினிமா அதற்கு மேலே ஒரு படி போனது. சிவகாமியைப் பைத்தியம் ஆக்கியது.

நிஜச் சிற்பிகளுக்கு வருகிறேன். மாமல்லபுரத்துக்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் பூஞ்சேரி. அங்கே ஒரு பாறையில் பழைய எழுத்தில் சில பெயர்கள் வெட்டியிருக்கின்றன. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், திருவொற்றியூர் அபாஜர், கொல்லன் சேமகன் என்று. மாமல்லபுரத்தில் வேலை செய்தவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே வெட்டிக்கொண்டது என்று கல்வெட்டு படித்தவர்கள் சொல்கிறார்கள். ராஜாக்களின் பட்டப் பெயர் ரதங்களில் வரிசையாக இருக்கிறது. உளி பிடித்தவன் பெயர் ஊருக்கு வெளியே, கால்வாய்க்கு அப்பால். இவர்கள் எல்லாரும் நம்ம ஆட்கள் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. தச்சன் தச்சன்தான், கொல்லன் கொல்லன்தான். தச்சனுக்குக் கீழே பாறை பிளந்தவன், மண் சுமந்தவன், இழுத்துவந்தவன் பெயர் பூஞ்சேரிப் பாறையிலும் இல்லை. ஆனாலும் ஆயனரைத் தெரிந்த ஜனத்துக்குச் சேமகனைத் தெரியாது. ஆராய்ச்சி செய்ய வந்த கதாநாயகனுக்கும் தெரியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவன் பூஞ்சேரியைத் தாண்டித்தான் வந்திருப்பான். இன்றைக்கு இருக்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை அன்றைக்கு இல்லை. சென்னையிலிருந்து வருகிற கார், கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக, இப்போது பழைய மகாபலிபுரம் சாலை என்கிறோமே அந்த வழியில் வரும். அந்த ரோடு போய் முடிகிற முனை பூஞ்சேரி. எத்தனையோ படக் கம்பெனி வண்டிகள் அந்த முனையில் திரும்பியிருக்கும். ஒரு வண்டியும் நிற்கவில்லை.

இந்த இடத்தில் தோழர் என்னிடம் சண்டைக்கு வந்தார். "ஒரு மசாலாப் படத்துல போயி இதெல்லாம் கேக்கலாமா? அவன் காதல் கதை எடுக்கிறான்." நியாயமான கேள்வி. அன்றைய தமிழ்ப் படங்களில் பெரும்பகுதி கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் ஸ்டுடியோவுக்குள் எடுத்தது. செட்டில் போட்ட தெருவில் சேரி இல்லை என்றால் செட் போட்டவன் பேரில் பழியைப் போட்டுவிட்டுப் போகலாம். 1977-ல் '16 வயதினிலே' வந்த பிறகு காமிரா நிஜ கிராமத்துக்குப் போனது என்று கொண்டாடுகிறோம். போனது சரி, எந்தத் தெருவுக்குப் போனது? ஊர்த் தெருவுக்கு. ஆலமரம், குளம், கோயில், தேர்முட்டி. அதே ஊரின் இன்னொரு பாதி, சுடுகாட்டுக்குப் போகிற வழியில் இருக்கிற பாதி, 'அவுட்டோர்' ஆகவே இல்லை. வியாசர்பாடியை வியாசர்பாடியாகக் காட்ட 2014-ல் 'மெட்ராஸ்' வர வேண்டியிருந்தது.

தெரு என்கிற சொல்லையே பாருங்கள். எங்கள் பக்கம் ஊரில் இருப்பது தெரு. நாங்கள் இருப்பது காலனி, அதற்கு முன்னால் சேரி. பழைய இலக்கியத்தில் சேரி என்றால் சேர்ந்து வாழ்கிற இடம், அவ்வளவுதான், பார்ப்பனச்சேரி கூட உண்டு. அந்தச் சொல்லையும் எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். 'படத்தில் வரும் தெருக்கள்' என்று ஒருவர் பட்டியல் போட்டால் அதில் சேரி வராது. அவர் கெட்டவர் என்பதால் இல்லை. படத்தில் வந்தால்தானே பட்டியலில் வரும்? ஆக்கிரமிப்பு முதலில் நிலத்தில் நடக்கிறது, பிறகு சட்டகத்தில் நடக்கிறது, கடைசியில் அந்தச் சட்டகத்தை நேசிக்கிறவன் ஞாபகத்தில் நடக்கிறது.

இனி என் ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயாவுக்கு எழுபத்தைந்து இருக்கும். எம்.ஜி.ஆர். படத்தை விமர்சிக்க ஆரம்பித்தால் எங்கள் காலனியில் முதலில் துடைப்பத்தைத் தூக்குவது அவள்தான். டென்ட் கொட்டாயில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்த படம் ஒவ்வொன்றும் வரிசையாகச் சொல்வாள். முதல் நாள் ராத்திரி தோழர் தன் செல்போனில் 'கலங்கரை விளக்கம்' போட்டுக் காட்டினார். ஆயா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"இன்னாமே இது, நம்ம லைட்டவுசா?"

"ஆமா ஆயா."

"வாத்தியாரு எப்டி நடக்குறாரு பாரு." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள்: "அந்தப் பாறைக்கி அண்டைலதான் நாங்க ஆடு ஓட்டிப்போயி உடுவோம். மகாபலிபொரம்னு சொல்றான். மாசி மகத்துக்கு வர்ற ஜனம் ஒண்ணத்தையும் காணமே?"

தோழர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எம்.ஏ. படித்துவிட்டு நான் ரெண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்த கேள்வியை ஆயா ஒரே வாயில் கேட்டுவிட்டாள்.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கு வருகிறவர்கள் இருளர்கள். வருசா வருசம் மாசிப் பௌர்ணமிக்கு எங்கெங்கிருந்தோ குடும்பம் குடும்பமாக வருவார்கள். மணலில் குச்சி நட்டுச் சேலை கட்டிக் குடிசை போடுவார்கள். கடலோரத்தில் கன்னியம்மாவைக் கும்பிடுவார்கள். பெண் பார்ப்பது, நிச்சயம், கல்யாணம் எல்லாம் அங்கேயே. எலி பிடித்தும் பாம்பு பிடித்தும் பிழைத்தவர்கள். கொத்தடிமைகளாகச் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கிடந்து மீட்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. கோயில், கோபுரம், பூசாரி எதுவும் வேண்டாம், மணலும் கடலும் போதும் அவர்கள் சாமிக்கு. வரலாறு ஆராய வந்தவன் கண்ணில் படவேண்டிய நிஜ மாமல்லபுரம் இது. பாறையைப் போல இதுவும் நகரவில்லை. அடுத்த நாள் நாங்கள் கடற்கரைக்குப் போனபோது வந்து இறங்க ஆரம்பித்திருந்தார்கள். தோழர் 'இன்று' படம் எடுக்க இடம் பார்த்தார். சட்டகத்துக்குள் இரண்டு சேலைக் குடிசை வந்து விழுந்தது. "கொஞ்சம் தள்ளி எடுக்கலாமா, அன்று படத்தோட ஒத்துப்போகாது" என்றார். சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். அவர் நல்ல மனுசன். தான் என்ன சொல்கிறோம் என்று அவர் காதிலேயே விழுந்துவிட்டது.

ஆயாவின் கேள்வியை வைத்துக்கொண்டு எம்.ஜி.ஆரைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992-ல் 'தி இமேஜ் ட்ராப்' என்று ஒரு புத்தகமே எழுதினார். ஏழைகளுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத ஆட்சியை ஏழைகளே எப்படித் தூக்கிச் சுமந்தார்கள் என்ற கேள்வி அது. அந்தக் கேள்வி சரி. ஆனால் 'பொறி' என்று சொல்லும்போது எலி என்று யாரைச் சொல்கிறோம்? என் ஆயாவையா? அவள் ஏமாந்து படம் பார்க்கவில்லை. ரிக்‌ஷாக்காரன், மீனவன், படகோட்டி என்று அவளுடைய உலகத்து ஆட்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருத்தன் திரையில் நிமிர்ந்து நின்றான். நிமிர்ந்து நிற்கிற உடம்பை வேறு எங்கே அவள் பார்த்தாள்? அவளுக்கு அது வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டாள். அப்படியிருந்தும் தன் ஊரைத் திரையில் காட்டும்போது தன் ஜனம் அங்கே இல்லை என்பதை அவள் கண்டுபிடிக்கிறாள். விமர்சனம் என்பதை ஆயாக்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். வாத்தியாரையும் விடமாட்டாள், கேள்வியையும் விடமாட்டாள்.

எனக்கு அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. ஏனென்றால் எங்கள் மாவட்டத்துக்கே ஒரு காலத்தில் அவர் பெயர் இருந்தது. 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிக்கும்வரை இது செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம். அந்தப் பெயர் இருந்த காலத்தில்தான் காரணை நடந்தது. இந்த மாவட்டத்து ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் என்கிற வெள்ளைக்காரர் 1891-ல் பறையர்களின் நிலைமை பற்றி ஒரு அறிக்கை எழுதினார். உழைக்கிறவனுக்கு நிலம் இல்லை, குடியிருக்கிற மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம், எதிர்த்துப் பேசினால் வீட்டைவிட்டே துரத்தலாம் என்று. 1892-ல் அரசாணை வந்தது. அப்படிக் கொடுத்த நிலம்தான் பஞ்சமி நிலம். கொடுத்தது ஏட்டில் இருந்தது, நிலம் வேறு ஆட்கள் கைக்குப் போனது. நூறு வருசம் கழித்துக் காரணை ஜனம் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டது. அதில் அம்பேத்கர் சிலை வைத்தது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள்.

இடம் தேடுவது பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்பீர்கள். இதுவும் இடம் தேடுவதுதான். பஞ்சமி நிலம் தேடுகிறவன் என்ன செய்கிறான்? பழைய ஏட்டை எடுத்துக்கொண்டு போகிறான். சர்வே எண்ணைப் பார்க்கிறான். அன்று இந்த நிலம் யார் பேரில், இன்று யார் பேரில் என்று பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறான். வரப்பு மாறியிருக்கும், மரம் போயிருக்கும், சர்வே கல்லைப் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். ஆனாலும் கண்டுபிடிக்கிறான். சினிமா இடத்தைக் கண்டுபிடித்தால் கைத்தட்டல். இதைக் கண்டுபிடித்ததற்குத் துப்பாக்கிச் சூடு.

பூஞ்சேரி மட்டும் இன்றைக்குச் சட்டகத்துக்குள் வந்துவிட்டதா? இரண்டு தடவை வந்தது. 2021 அக்டோபரில் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டார்கள் என்று பூஞ்சேரி நரிக்குறவப் பெண் ஒருவர் காமிராவுக்கு முன்னால் பேசினார். ஊரே பார்த்தது. அமைச்சர் வந்து அவரோடு பந்தியில் உட்கார்ந்தார். நவம்பர் 4 அன்று முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர்களுக்கும் இருளர்களுக்கும் பட்டா கொடுத்தார். அந்தப் பெண் தானே பேசியதால் நடந்தது இது. அடுத்த வருசம், 2022-ல், செஸ் ஒலிம்பியாட் நடந்தது. உலகத்துச் செய்தியிலெல்லாம் மாமல்லபுரம் என்று வந்தது. ஆட்டம் நடந்த மண்டபம் இருப்பது பூஞ்சேரியில். பந்தியில் இடம் இல்லாதபோது அது பூஞ்சேரி. உலகம் வந்து உட்காரும்போது அது மாமல்லபுரம்.

கடைசி நாள் சாயங்காலம் கலங்கரை விளக்கத்தில் இன்னொரு தடவை ஏறினோம். மேலே போனால் எல்லாரும் கடலைத்தான் பார்க்கிறார்கள். கோபுரமே கடலுக்காகக் கட்டியதுதானே. நான் தோழரை மேற்கே திருப்பினேன். கால்வாய் தெரிந்தது, அதற்கு அந்தப் பக்கம் பூஞ்சேரி தெரிந்தது. அவர் ஒரு படம் எடுத்தார். கீழே இறங்கி பஸ் பிடித்து ஊருக்குத் திரும்பும்போது, "இதுக்கு ஜோடியா ஒட்ட 'அன்று' படம் ஒண்ணும் இல்லையே" என்று வருத்தப்பட்டார். இடது பக்கத்தைக் காலியாகவே விடுங்கள் தோழர் என்றேன். 'அன்று' என்று மட்டும் எழுதிவிட்டுக் காலியாக விடுங்கள், அதுதான் சரியான பாடம்.

படிக்கிறவர்களுக்கும் ஒரு வேலை. உங்கள் ஊரிலும் ஏதாவது ஒரு படம் எடுத்திருப்பார்கள். எந்தத் தெருவில் எடுத்தார்கள் என்று கண்டுபிடியுங்கள். அதோடு நிறுத்தாமல், காமிரா எந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றது என்றும் பாருங்கள். அந்தப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று உங்கள் ஆயாவைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். அவள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள்.